பழைய மடிக்கணினியில் படம் பார்க்க எந்த இயங்குதளம்?

உங்களில் பலருடைய வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். எங்கள் வீட்டிலும் 2013-இல் வாங்கிய ஒன்று இருந்தது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கான செயலிகளின் பட்டியலில் அவ்வளவு பழைய செயலிக்கு இடமில்லை. பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது, "நாதசுரக் கச்சேரி பார்க்க எனக்கு அது போதுமே" என்றார் என் தந்தை. சரி, திறந்த மூல இயங்குதளம் ஒன்றை ஏற்றிப் பார்ப்போம் என்று முனைந்தேன்.

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று வேலை வாங்குவதே இயங்குதளம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்றால் அது திறந்த மூலம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் என்னும் கருவைச் சுற்றி டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா எனப் பல தொகுப்புகள் வளர்ந்துள்ளன. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் டெபியன் வழி வந்ததே. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி!

இத்தனையில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அது தவறு. கச்சேரி தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் உள்ளிருக்கும் விசிறி இரைய ஆரம்பித்தது. நாதசுரத்தையே அது அமுக்கிவிட்டது. படமும் விட்டு விட்டு ஓடியது. செயலி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு! செயலி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவரும் என்பது உங்களுக்குத் தெரியும். விசிறி இரையாமல் என்ன செய்யும்?

ஒரு படத்தைக் காட்ட அவ்வளவு வேலையா? கணக்கிட்டுப் பார்ப்போம். முழு உயர்தெளிவுப் படத்தின் ஒரு சட்டத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 62 லட்சம் பைட். வினாடிக்கு 24 சட்டங்கள் என்றால் சுமார் 15 கோடி பைட். இரண்டரை மணி நேரத்துக்கு இது 1,300 ஜிகாபைட்டைத் தாண்டும்! ஆனால் நம்மிடம் இருக்கும் கோப்போ 2 ஜிகாபைட்தான். எப்படி?

மேடையில் கச்சேரி நடக்கிறது. வித்துவானின் விரல்கள் அசைகின்றன, தவில்காரரின் கைகள் ஓடுகின்றன. பின்னால் தொங்கும் திரை அப்படியே இருக்கிறது. அந்தத் திரையை ஒவ்வொரு சட்டத்திலும் திரும்ப எழுதுவானேன்? எது மாறியது, எந்தக் கட்டம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும் குறித்தால் போதும். 2003-இல் வந்த எச்.264 என்னும் முறையின் அடிப்படைகளுள் இது ஒன்று. சுருக்கியதை விரிக்கும்போதுதான் சிக்கல். ஒரு சட்டத்தை விரித்து முடிக்க வினாடியில் 24-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 42 மில்லி வினாடிதான் அவகாசம். தவறினால் படம் திக்கும்.

இந்த விரிக்கும் வேலையை எல்லா வேலையும் தெரிந்த செயலியிடமே கொடுக்கலாம். அல்லது இதற்கென்றே சில்லுக்குள் அமைக்கப்பட்ட தனி மின்சுற்றிடம் கொடுக்கலாம். தனிச் சுற்றுக்கு வேறு வேலை தெரியாது; ஆனால் இந்த வேலையை மிகக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும். என் கணிப்பொறியில் அந்தச் சுற்று இருந்தது. அதை எழுப்பும் இயக்கி நிரல்தான் இல்லை. இன்டெல் சில்லுகளுக்கான இன்றைய இயக்கி 2014-இல் வந்த தலைமுறை முதல்தான் உதவும். என்னுடையதற்கு 'ஐ965' என்ற பழைய இயக்கி வேண்டும். அதைச் சேர்த்து, படம் காட்டும் நிரலிலும் அதற்கான அமைப்பை இயக்கினேன். தொண்ணூறு பன்னிரண்டாகக் குறைந்தது. விசிறி அடங்கியது.

ஆகவே ஒரு தொகுப்பை வன்தட்டில் ஏற்றும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வன்தட்டில் உள்ளது எதுவும் அழியாது. முனையத்தில் வி, ஏ, ஐ, என், எஃப், ஓ என்ற ஆறு எழுத்துகளைத் தட்டினால், சுற்றுக்கு எந்தெந்த முறைகள் தெரியும் என்ற பட்டியல் வரும் (அந்தச் சிறு நிரல் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும்). பிறகு ஒரே படத்தை ஒவ்வொரு தொகுப்பிலும் பத்து நிமிடம் ஓட்டி, செயலியின் விழுக்காட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் செய்வது போலத்தான்! காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா போன்றவை சில விரிப்பு நிரல்களைத் தம்மோடு தருவதில்லை; நாமே தனியே சேர்க்க வேண்டும். மின்ட்டில் நிறுவும்போதே ஒரு கட்டத்தில் குறியிட்டால் அவை வந்துவிடும். நினைவகம் 4 ஜிகாபைட் என்றால் அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. வடிவம் இலேசானது.

படம், பாட்டு தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரெலெக் இருக்கிறது. 'கோடி' என்னும் ஊடக நிரலை ஓட்டுவதற்கென்றே அமைந்த சிறு தொகுப்பு. அம்புக்குறி விசைகளாலேயே இயக்கலாம். ஆனால் நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் அழித்துவிடும், கடிதம் எழுதவும் உதவாது. என் மகள் அதே கணிப்பொறியில் கட்டுரை எழுதுவதால் மின்ட்டையே வைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் உறவினர் ஒருவர் கொடுத்த திருமணப் படம் அதில் மறுபடி திக்கியது, விசிறியும் இரைந்தது. பார்த்தால் அது எச்.265 முறையில் சுருக்கப்பட்டது. அம்முறை வெளியானது 2013-இல். அதை விரிக்கும் சுற்று என் சில்லில் கிடையாது. எந்த இயங்குதளத்தாலும் அதை உண்டாக்க முடியாது. ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுக் கோப்பை எச்.264-க்கு மாற்றினேன். காலையில் தந்தை அதைத் திக்கலின்றி இரண்டு முறை பார்த்தார்.