ஏலத்தில் உதார் எப்போது பலிக்கும்?

பழவேற்காடு ஏரிக்குள் எந்த வலை எங்கே, எந்த நாளில் விழ வேண்டும் என்பதை மீனவ கிராமங்கள் 'பாடு' முறையில் முறை வைத்துத் தீர்த்துக்கொள்கின்றன. போட்டி தொடங்குவது கரையில், கூடைகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான். அங்கே எடுத்த எடுப்பில் விலையை ஏற்றி மற்றவர்களை மிரட்டும் வியாபாரி ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடம் நாமும் உதார் விடலாமா?

தொழிலுக்கு வந்த புதிதில் நாம் அப்படிச் செய்து சூடுபட்டோம். ஒரு கூடை சேற்று நண்டுக்கு அவரை வீம்பில் இழுத்துவிட எண்ணி, நமக்குக் கட்டாத விலையைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். கூடை நம் தலையில் விழுந்தது. சென்னை போய்ச் சேருமுன் பாதி நண்டு செத்தது. செத்த நண்டுக்கு ஏது விலை?

போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் இதற்குக் கணக்கு உண்டு. நியூமன், மார்கன்ஸ்டெர்ன் என்ற இரு அறிஞர்கள் 1944-ல் வெளியிட்ட நூலிலேயே இதை ஆராய்ந்துள்ளனர். மேசையில் 1,000 ரூபாய் இருக்கிறது. நம் கையில் நல்ல சீட்டு இல்லை. 500 ரூபாய் வைத்து மிரட்டினால், மூன்று முறைக்கு ஒரு முறை எதிராளி விலகினாலே நம் முதலுக்கு மோசமில்லை. 1,000 ரூபாய் வைத்தால் இரண்டுக்கு ஒரு முறை விலக வேண்டும். ஆகவே முதல் கேள்வி, நம் துணிச்சல் எவ்வளவு என்பதல்ல. அவர் விலகக்கூடியவரா என்பதே.

முரட்டு ஆட்டக்காரரில் இரு வகை உண்டு. எல்லாவற்றுக்கும் ஏற்றிவிட்டு, எதிர்த்து நின்றால் பின்வாங்குபவர் ஒரு வகை. அவரிடம் எப்போதாவது உதார் பலிக்கும். என்ன வந்தாலும் விடாதவர் மற்றொரு வகை. அவரிடம் உதார் விடுவது வீண். நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருந்தால், அவரே நமக்குப் பணம் கட்டுவார். ஏற்றுமதி ஆர்டரும் ஐஸ் வண்டியும் காத்திருக்க ஏலத்தில் நிற்பவர் இந்த இரண்டாம் வகை. பத்து நாள் கவனித்தால் யார் எந்த விலையில் நழுவுகிறார் என்பது தெரிந்துவிடும்.

ஏலத்தில் ஒரு வித்தியாசமும் இருக்கிறது. சீட்டாட்டத்தில் எதிராளி விலகினால் மேசைப் பணம் நமக்கு. ஏலத்தில் விலகினால் சரக்கு நமக்கு, கேட்ட விலைக்கே. எனவே நம் உச்ச விலைக்கு மேல் உதார் கூடாது, உள்ளேதான். வெள்ளை இறால் கிலோ 400 ரூபாய் வரை நமக்குக் கட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஐந்தாக ஏறி 320-ல் நிற்கும்போது, ஒரே தாவலில் 370 என்று கேட்கலாம். 'இவர் எங்கும் நிற்கமாட்டார் போலிருக்கிறது' என்று அவர் விலகினால், சரக்கு கட்டும் விலையில் வருகிறது. ஐந்து ஐந்தாகவே போயிருந்தால் 340-க்கே முடிந்திருக்கலாம். அந்த வித்தியாசமே உதாரின் செலவு. 400-ஐத் தாண்டினால் மறுபேச்சின்றி ஒதுங்க வேண்டும்.

தினமும் தாவினால் யாரும் நம்பமாட்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான். சக வியாபாரியிடம் காட்டும் இந்தச் சாமர்த்தியத்தைச் சரக்குக் கொடுத்த மீனவரிடம் காட்டக் கூடாது. ஏலம் எடுத்தபின் குறை சொல்லி விலை குறைப்பவருக்கு மறுநாள் நல்ல கூடை கிடைக்காது. கரையில் நம் சொல்லுக்கு மதிப்பு இருந்தால்தான், எப்போதாவது நாம் விடும் உதாரும் எடுபடும்.