பீலித் தண்ணீரும் உடம்பின் தேவையும்

வளர்ந்த ஒருவரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். சிறுநீர், வியர்வை, மூச்சுக்காற்று வழியாக நாள் முழுவதும் அது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2 லீற்றரும் ஆணுக்கு 2.5 லீற்றரும் தேவை. சோறு, கறி, பழங்களில் சேரும் நீரும் இதில் அடக்கம். ஆனால் இது மிதமான வெப்பத்தில் மிதமாக உழைப்பவர்களுக்கான அளவு. பதுளையிலிருந்து நமுனுகுலை நோக்கி உயரும் ஸ்பிரிங்வெளித் தோட்டச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் பெண்ணுக்கு அது போதாது.

மலைநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. குளிர் தாகத்தை மழுங்கடிக்கும். வியர்வையும் காற்றில் உடனே உலர்ந்துவிடுவதால், உடம்பு இழந்த நீர் கணக்கில் வராது. தாகத்தை மட்டும் நம்பியிராமல் சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பது நல்லது. வெளிர்மஞ்சளாக இருந்தால் குறையில்லை. கடும் மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை. தலைவலியும் களைப்பும் மலச்சிக்கலும் முதலில் தெரியும். இந்தக் குறை நீடித்தால் சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இடமுண்டாகும்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் குறைவாகக் குடிப்பதற்குக் குளிரை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பல தோட்டங்களில் வேலை நடக்கும் மலையில் மலசலகூடம் கிடையாது. ஒதுங்க இடமில்லை என்பதாலேயே தண்ணீர்ப் போத்தலைத் தொடாமல் பொழுதைக் கழிப்பவர்கள் பலர். இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். மலையில் ஒரு மலசலகூடம் கட்டிக்கொடுக்காமல், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லும் சுகாதார வகுப்பால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

தேத்தண்ணீரும் தண்ணீர்க் கணக்கில் சேரும். அளவோடு குடித்தால் அது உடம்பை வறட்டுவதில்லை. கவலை வேறு இடத்தில்: சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருட்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கின்றன. இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்காமல், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். சாப்பாட்டுக்குத் துணை வெறும் தண்ணீரே.

அந்தத் தண்ணீர் தோட்டங்களில் பெரும்பாலும் ஊற்று நீர் வந்து விழும் பீலியிலிருந்து வருகிறது. மேலே காட்டிலும் தேயிலை மலையிலும் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, பாறையில் தடுக்கப்பட்டு, சரிவில் ஊற்றாக வெளிப்படுகிறது. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்துக்கு வடகீழ்ப் பருவமழையே பெரும் துணை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற வாசனையைத் தருவதும் அந்தக் காற்றுதான், பீலியை நூலாக இளைக்கச் செய்வதும் அதுதான். தேயிலைக்கு நல்ல விலை வரும் அதே மாதங்களில் லயன் குடியிருப்புப் பெண்கள் குடத்தோடு காத்து நிற்க நேர்கிறது.

ஊற்றுகள் என்றும் நிலைத்திருப்பவை அல்ல. 2014 டிசம்பரில் உமா ஓயா ஆற்று நீரைத் திருப்பும் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பகுதியில் குடையப்பட்ட சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்துப் பாய்ந்தது. மேலே இருந்த கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளையில் திரண்டு போராடினார்கள். மலைக்குள் நீரோடும் வழி எவ்வளவு மென்மையானது என்பதை ஊவா அன்று பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

பீலித் தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். தெளிவு தூய்மைக்கு அத்தாட்சி அல்ல. ஊற்றுக்கு மேலே லயன்களும் மலக்குழிகளும் மாட்டுத் தொழுவமும் இருந்தால், வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையே அழுக்கைக் கீழே இறக்கிவிடும். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் அந்த வழியில் வரக்கூடியவை. ஊற்றுக்கண்ணைச் சீமெந்துத் தொட்டியால் மூடி, மேற்புறம் கான் வெட்டி மழைநீரைத் திருப்பி, சுற்றி வேலியடைத்தால் பெரும்பகுதி ஆபத்து குறையும். மலக்குழி ஊற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, கீழ்ப்புறமாக இருக்க வேண்டும். இது தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. தனிக் குடும்பம் ஒன்றால் முடிவதல்ல.

வீட்டில் செய்யக்கூடியது கொதிக்கவைப்பது. ஸ்பிரிங்வெளி உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு மூன்று நான்கு பாகை குறைவாகவே கொதிக்கும். ஆனாலும் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தால் கிருமிகள் சாகும். ஆறியதை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, கைபடாமல் சாய்த்து ஊற்ற வேண்டும். கொதித்த தண்ணீரில் அழுக்குக் கோப்பையை முக்கினால் எரித்த விறகு வீண்.

குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமியல்ல, நீரிழப்பு. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கலவையான ஜீவனிப் பக்கெற் ஒன்றைக் கரைத்து, கரண்டி கரண்டியாக அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கரைத்து 24 மணி நேரம் கடந்தால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். கண் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வராமல், குழந்தை சோர்ந்து கிடந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழியிலும் ஜீவனி கொடுத்துக்கொண்டே போகலாம்.