கதவைத் தட்டும் அண்டை வீட்டார்

லயத்தில் வாழ்வோருக்கு அண்டை வீட்டார் இன்னார் என்று எவரும் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. பெரட்டுக்களமும் பொதுக்குழாயும் மாரியம்மன் திருவிழாவும் அப்பணியைத் தாமே செய்துவிடுகின்றன. ஆயின், தோட்டம் துண்டாடப்பட்டு, நாம் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர நேர்ந்தால் நிலைமை என்ன? சிங்கப்பூர் மக்கள் இதனைப் பெருமளவில் கண்டவர்கள்.

1960-இல் அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபோது அரசாங்க வீடுகளில் வாழ்ந்தோர் நூற்றுக்கு 9 பேர். 1985-இல் 81 பேர். கம்பத்து மக்களும், சிராங்கூன் சாலை, தேக்கா வட்டாரத் தமிழர் பலரும் தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக் எனப் பிரிந்து சென்றனர். குழாய்நீரும் மின்விளக்கும் கிடைத்தன. பழைய அண்டை வீட்டார் உடன் வரவில்லை. ஒரே நடைவழியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என மூவினத்தாரும் குடியேறினர். ஓர் இனத்தாரே ஒரு கட்டடத்தை நிறைத்துவிடாதபடி 1989-இல் வரம்பும் விதிக்கப்பட்டது.

இந்நிலையில் 1978-இல் வசிப்போர் குழுக்கள் தொடங்கப்பெற்றன. உறுப்பினர் அனைவரும் அங்கேயே குடியிருப்போர், ஊதியம் பெறாதோர். கட்டடத்தின் கீழ்த்தளத்திலுள்ள சிற்றறையே அலுவலகம். எரியாத விளக்கு, தேங்கிய குப்பை ஆகியவற்றை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது, புதிதாகக் குடிவந்தோரின் கதவைத் தட்டி நலம் விசாரிப்பது ஆகியன அவர்தம் பணி. விருந்தும் குலுக்குச் சீட்டும் நடத்துவதுண்டு. எனினும் கதவைத் தட்டுவதே கடினமான பணி என்பது நம் கருத்து.

குழு இருந்துவிட்டால் பூசலே எழாது என்பதில்லை. இந்தியக் குடும்பமொன்று சமைத்த கறியின் மணத்தைப் பொறுக்க இயலாமல், சீனாவிலிருந்து புதிதாக வந்த அண்டைக் குடும்பம் முறையிட்டது. சமூக சமரச நிலையத்தில் உடன்பாடு ஏற்பட்டது: அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் இவர்கள் கறி சமைப்பது, அவர்களும் கறியை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பது. 2011-இல் இச்செய்தி வெளியானதும் பலர் சினங்கொண்டனர். ஆயினும் அச்சினம் சண்டையாகவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் எல்லா இனத்தாரும் தத்தம் வீட்டில் கறி சமைத்து, அயலாரை அழைத்து உண்டனர்!

நம் நாட்டில் 1975-இல் தொடங்கப்பெற்ற ருக்குன் தெத்தாங்கா இதற்கு மூத்தது. இரவுக் காவலுக்கு மட்டுமே உரியது அதுவெனத் தோட்டத்தில் பலர் எண்ணுகின்றனர். தாமானுக்குக் குடிபெயர்ந்தோர் அங்குள்ள குழுவின் கூட்டத்திற்கு ஒருமுறையேனும் செல்லட்டும். குழு இல்லையெனில், மாவட்ட ஒருமைப்பாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.