என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது?

மாணவர்களே, பண்பறி பகுப்பாய்வு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், “பொருளின் தரத்தைச் சோதிப்பது” என்று பலர் சொல்வதுண்டு. ‘குவாலிட்டி’ என்றதும் தரமான அரிசி, தரமான சட்டை எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகின்றன போலும்! இங்கே நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை. ‘குவாலிட்டேட்டிவ்’ என்பதன் வேர், ‘எத்தகைய’ எனப் பொருள்படும் ‘குவாலிஸ்’ என்ற இலத்தீன் சொல். ‘எவ்வளவு’ என்பதற்கு ‘குவாண்டஸ்’. அதன் வழி வந்தது அளவறி பகுப்பாய்வு. என்ன இருக்கிறது என்பது முதல் கேள்வி, எவ்வளவு என்பது அடுத்தது.

எண் இல்லாத விடைதானே, எளிது என்று எண்ணிவிடாதீர்கள். 1830களில் இங்கிலாந்தில், தாத்தாவின் காப்பியில் ஆர்செனிக் நஞ்சு கலந்ததாக ஜான் போடில் என்ற இளைஞன்மீது வழக்கு நடந்தது. வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்திப் பார்த்தார். ஆர்செனிக்குக்கு உரிய மஞ்சள் வீழ்படிவு கிடைத்தது. ஆனால், அது நடுவர்கள் பார்வைக்கு வருவதற்குள் கெட்டுப்போனது. போடில் விடுதலையானான். மார்ஷ் விடவில்லை. துத்தநாகமும் அமிலமும் சேர்த்து ஆர்செனிக்கை வாயுவாக்கி, அதை எரித்து, குளிர்ந்த பீங்கானில் கண்ணாடிபோல் மின்னும் கறையாகப் படியவைக்கும் சோதனையை 1836இல் வெளியிட்டார். அந்தக் கறையை நீதிமன்றத்திலும் காட்டலாம்.

உங்கள் ஆய்வுக்கூடத்திலும் சொல் முக்கியம். பெயர்ச்சீட்டு இல்லாத கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கிறீர்கள். வெள்ளை வீழ்படிவு தோன்றி, மிகுதியாகச் சேர்த்ததும் கரைகிறது. அது துத்தநாகமா, அலுமினியமா? இன்னும் தெரியாது. அம்மோனியாக் கரைசலை மிகுதியாகச் சேர்க்கும்போது துத்தநாகத்தின் வீழ்படிவு கரையும், அலுமினியத்தினுடையது கரையாது. “வெள்ளையாக வந்தது” என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். அதேபோல், ‘தெளிந்த’ வேறு, ‘நிறமற்ற’ வேறு. காப்பர் சல்ஃபேட் கரைசல் தெளிந்தது, நிறமற்றதன்று.

இனி ஈயத்துக்கு வருவோம். பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு வரும். குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. அதைப்போல் நூறு மடங்கு இருந்தாலும் உங்கள் சோதனைக் குழாயில் மஞ்சள் தெரியாது. ஆகவே அங்கே “வீழ்படிவு தோன்றவில்லை” என்று எழுதுங்கள். “தண்ணீரில் ஈயம் இல்லை” என்று எழுத அந்தச் சோதனை போதாது.