பிளக் வயரை எப்போது மாற்றுவது?

சமதளத்தில் ஒழுங்காக ஓடும் கார், மேடு ஏறும்போது மட்டும் திக்கித் திணறும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் பிக்கப் இருக்காது. ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார் மெக்கானிக். பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் என்று சந்தேகம் ஒவ்வொன்றாகச் சுற்றிவரும். கோளாறு பிளக் வயரில் இருக்கலாம் என்பது பலருக்குக் கடைசியில்தான் தோன்றுகிறது.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். அதன் கார்புரேட்டர் மாடலில் மூன்று ஸ்பார்க் பிளக்குகளுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து தனித்தனியே தடித்த வயர்கள் போகும். பேட்டரி தருவது 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்ப, பிளக் முனையில் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி அது பொறியாகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 முறை பொறி விட்டாக வேண்டும்.

அந்த வயருக்குள் பெரும்பாலும் செம்புக்கம்பி இருக்காது. கரி ஏற்றிய இழைதான் இருக்கும். வெறும் செம்பாக இருந்தால் ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் கரகரவென்று கேட்கும் என்பதால், மின்தடை உள்ள இழையை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அதன் மேல் சிலிகான் ரப்பர் உறை. ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் அதிர்விலும் கிடந்து அந்த உறை இறுகி வெடிக்கிறது, உள்ளே இழையும் அறுகிறது. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் எலி கடிப்பதும் உண்டு.

சரி, மேட்டில் மட்டும் ஏன் திணறல்? ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை கூடுதலாக நிறைந்து அழுத்தம் ஏறுகிறது. அடர்ந்த காற்றைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் தேவை. உறையில் சிறு வெடிப்பு இருந்தால் போதும், அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்திலுள்ள இன்ஜின் உலோகத்துக்குத் தாவிவிடும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றாலும் வோல்ட் தேவை ஏறும். ஆகவே பழைய பிளக்கோடு ஓட்டுவது, வயரின் ஆயுளையும் சேர்த்துத் தின்பதுதான். மழைக்கால ஈரம் கசிவை இன்னும் எளிதாக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி இருட்டு. இரவில் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தால், கசியும் வயரில் நீலப்பொறி மின்னும். கையால் மட்டும் தொடக் கூடாது. உறுதியான சோதனை மல்டிமீட்டர்: இன்ஜினை நிறுத்தி, வயரைக் கழற்றி, இரு முனைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். டொயோட்டாவின் பல கையேடுகள் ஒரு வயருக்கு 25,000 ஓம் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. நீள வயரில் தடை கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நின்றாலோ, அசைத்தால் அளவு துள்ளினாலோ அது கெட்டுவிட்டது. அதே சமயம், மீட்டரில் தேறிய வயரும் உறை வெடித்திருந்தால் கசியும்; இரண்டு சோதனையும் தேவை.

1 லட்சம் கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. குறைவாக ஓடிய பழைய வண்டியிலும் ரப்பர் முதுமையடைந்திருக்கும். தள்ளிப்போடுவதும் லாபமில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலைக்கு முன் வயர் செட்டின் விலை ஒன்றுமே இல்லை.

ஒன்று கெட்டால் செட்டாகவே மாற்றுவது நல்லது. மற்றவையும் அதே வயதுதானே. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் வரிசை குழம்பாது. வயரைப் பிடித்து இழுக்காமல், பிளக் மேலுள்ள ரப்பர் மூடியைத் திருகி எடுக்க வேண்டும்.

இன்றைய புதிய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் மேலேயே காயில் உட்கார்ந்திருப்பதால் இந்த வயர்களே இல்லை. உங்கள் வண்டியில் இருந்தால், அடுத்த முறை பிளக் மாற்றும்போது வயர்களையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.