பழைய வண்டியும் புதிய மானிகளும்

கேமரன் மலைக்குச் செல்வோரின் கண்ணில் தவறாமல் படும் காட்சி ஒன்று உண்டு. காய்கறிகளைச் சுமந்துகொண்டு, பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் செங்குத்தான தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கும். 1948ஆம் ஆண்டு அறிமுகம் கண்ட இவ்வகை வண்டிகளுள் பல, அரை நூற்றாண்டைக் கடந்தும் உழைக்கின்றன. இயந்திரம் நன்றாக ஓடினாலும், ஓட்டுநரின் முன் உள்ள மானிகளும் அவற்றுக்குச் செல்லும் மின்கம்பிகளும் மூப்படைந்துவிடுகின்றன. அதனால், உரிமையாளர்கள் சிலர் புதிய மானிகளைப் பொருத்த விரும்புகின்றனர். மானியைக் கடையில் வாங்கிவிடலாம். அதற்கேற்ற கம்பியைத் தேர்ந்தெடுப்பதற்கோ அறிவும் பொறுமையும் வேண்டும்.

மானி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளந்து காட்டும் கருவியாகும். எரிபொருளின் அளவு, இயந்திரத்தின் வெப்பநிலை, எண்ணெயின் அழுத்தம், மின்கலத்தின் நிலை ஆகியவற்றை ஓட்டுநர் மானிகளின் வழியாகவே அறிகிறார். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது. பாரம் ஏற்றிய வண்டி மலையேறும்போது இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடானால், வெப்பமானியின் முள் முன்கூட்டியே எச்சரிக்கும். அந்த முள் பொய் சொன்னால், இயந்திரம் பழுதடைந்த பிறகே உண்மை தெரியவரும்.

பழைய லேண்ட் ரோவர் வண்டிகளில் அம்மீட்டர் என்னும் மானி இருந்தது. மின்கலத்திற்குள் எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது, அதிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அது காட்டும். இந்த மானியை மின்சுற்றில் தொடர் இணைப்பாகப் பொருத்த வேண்டும். அதாவது, இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் மோட்டாருக்குச் செல்லும் பெரிய மின்னோட்டத்தைத் தவிர, ஏறக்குறைய மற்ற மின்னோட்டம் முழுவதும் அந்த மானியின் வழியாகவே பாய வேண்டும். அன்றைய மின்னாக்கி சுமார் 20 ஆம்பியர் மின்னோட்டத்தையே தந்ததால், இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

இன்று பலர் பழைய மின்னாக்கியை அகற்றிவிட்டு, 45 ஆம்பியரோ அதற்கும் மேலோ தரவல்ல ஆல்டர்னேட்டரைப் பொருத்துகின்றனர். ஆனால், பழைய அம்மீட்டரையும் அதன் கம்பிகளையும் மாற்றாமல் விட்டுவிடுகின்றனர். சிறிய வாய்க்காலில் பெருவெள்ளத்தைத் திருப்பிவிட்டால் கரை உடையும். அதுபோலவே, தாங்கும் அளவை மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடேறும். அதன் மேலுறை உருகும். ஓட்டுநருக்கு மிக அருகிலேயே தீப்பற்றும் அபாயம் ஏற்படும். எச்சரிக்கை செய்யவேண்டிய கருவியே ஆபத்துக்குக் காரணமாகிவிடும்.

இச்சிக்கலுக்கு வோல்ட்மீட்டர் நல்ல தீர்வாக அமைகிறது. இது மின்னோட்டத்தை அளப்பதில்லை, மின்னழுத்தத்தை அளக்கிறது. எனவே, வண்டியின் மின்னோட்டம் முழுவதும் இதன் வழியாகப் பாயத் தேவையில்லை. முதன்மைச் சுற்றுக்கு இணையாக, மெல்லிய கம்பியால் இதை இணைத்தாலே போதும். இயந்திரம் ஓடாதபோது, நன்கு மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் மின்கலம் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது முள் 13.8 வோல்ட்டுக்கும் 14.4 வோல்ட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். அது 15 வோல்ட்டைத் தாண்டினால் மின்கலத்திற்கு அளவுக்கு மீறி மின்னேற்றம் ஆகிறது என்று பொருள்.

இம்மாற்றத்தைச் செய்யும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அம்மீட்டரை அகற்றியதும் மின்சுற்று துண்டிக்கப்பட்டுவிடும். ஆதலால், அதில் பொருத்தப்பட்டிருந்த முதன்மைக் கம்பிகளை உறுதியாக ஒன்றிணைத்து, மேலே காப்புறை இட வேண்டும். அம்மீட்டர் இருந்த அதே முனைகளுக்கு இடையில் வோல்ட்மீட்டரை மாட்டினால் வண்டியின் மின்கருவிகள் இயங்கமாட்டா.

மானியும் அதற்குச் செய்தி அனுப்பும் உணரியும் ஒன்றுக்கொன்று பொருந்தவும் வேண்டும். எரிபொருள் தொட்டியில் உள்ள உணரி, மின்தடையை மாற்றுவதன்வழி எரிபொருளின் அளவைத் தெரிவிக்கிறது. சில உணரிகள் தொட்டி காலியாக இருக்கும்போது 10 ஓம், நிறைந்திருக்கும்போது 180 ஓம் மின்தடையைக் கொடுக்கும். வேறு சிலவற்றில் காலித் தொட்டிக்கு 240 ஓம், நிறைந்த தொட்டிக்கு 33 ஓம் என்று தலைகீழாக அமைந்திருக்கும். இவற்றை மாற்றி இணைத்தால், காலியான தொட்டியை மானி நிறைந்த தொட்டியாகக் காட்டிவிடும். மேலும், 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவிகளோ எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்படுபவை. இதைச் சோதிக்காமல் இணைத்தால் புதிய கருவி நொடியில் பழுதாகிவிடும்.

அடுத்ததாக, கம்பியின் பருமனை முடிவுசெய்ய வேண்டும். இதற்கு ஊகம் உதவாது, கணக்குத்தான் உதவும். 55 வாட் திறன் கொண்ட இரண்டு முன்விளக்குகளை எடுத்துக்கொள்வோம். மொத்தத் திறனாகிய 110 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால், ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் தேவை என்று தெரியும். 1 சதுர மில்லிமீட்டர் பருமன் கொண்ட செப்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் மின்தடை உண்டு. கம்பியின் நீளம் 4 மீட்டர் என்றால், வழியிலேயே ஏறக்குறைய 0.6 வோல்ட் இழக்கப்படும். இது 12 வோல்ட்டில் 5 விழுக்காடாகும். இழப்பு சிறிதாகத் தோன்றினாலும், விளக்கின் ஒளி சுமார் 15 விழுக்காடு மங்கிவிடும். பனிமூட்டம் சூழ்ந்த மலைப்பாதையில் இந்த வேறுபாடு உயிர்காக்கும் வேறுபாடாக இருக்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் இழப்பு 0.25 வோல்ட்டாகக் குறைந்துவிடும். கம்பி நீண்டாலும் மின்னோட்டம் கூடினாலும் பருமன் கூட வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

பருமன் மட்டும் போதாது. கம்பியின் தன்மையும் முக்கியம். வீட்டுச் சுவருக்குள் பதிக்கப்படும் ஒற்றை இழைக் கம்பி, வண்டியின் ஓயாத அதிர்வினால் நாளடைவில் முறிந்துவிடும். ஆகவே, வண்டிகளுக்குப் பல மெல்லிய இழைகளைக் கொண்ட செப்புக் கம்பியே ஏற்றது. இயந்திரத்தின் அருகில் செல்லும் கம்பியின் மேலுறை வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்க வேண்டும். உலோகத் தகட்டின் துளை வழியாகக் கம்பி செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். இல்லையேல், தகட்டின் கூரிய விளிம்பு மேலுறையை அறுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் காவலாக இருப்பது பியூஸ் எனப்படும் உருகியாகும். மின்னோட்டம் அளவு மீறினால் அது தான் உருகிச் சுற்றைத் துண்டிக்கும். அதனால் கம்பி தப்பிக்கும். எனவே, உருகியின் அளவு கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதை மின்கலத்திற்கு எவ்வளவு அருகில் பொருத்துகிறோமோ, அந்த அளவுக்குக் கம்பியின் பெரும்பகுதி பாதுகாப்புப் பெறும். உருகி அடிக்கடி எரிகிறது என்பதற்காகப் பெரிய உருகியை மாட்டுவதோ, அதன் மேல் அலுமினியத் தாளைச் சுற்றுவதோ பெருந்தவறு. அது வாயிற்காவலனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

இப்பணியைத் தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். முதலில் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, பிறகு கம்பியையும், அதன்பின் உருகியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுபவமுள்ள மின்பணியாளரின் மேற்பார்வையில் வேலையைச் செய்வதே பாதுகாப்பானது. புதிய மானியின் பளபளப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும்; அதன் பின்னால் ஓடும் கம்பி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆயினும், மானி சொல்வது உண்மையா என்பதையும், வண்டி பத்திரமாக வீடு திரும்புமா என்பதையும் முடிவுசெய்வது அந்தக் கம்பிதான்.