ஒரு மைக்ரோனும் முக்கியம்: நுண்பாகத் தயாரிப்பில் நம் மாணவர்களுக்கு ஒரு வாசல்

செமினி, பாங்கி, காஜாங் வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளைக் கடந்துதான் நம் மாணவர்கள் பலர் தினமும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். இயந்திரச் சத்தமும் எண்ணெய் வாடையும் இரும்புச் சீவலுமாக இருக்கும் பட்டறைகளை, ‘படிப்பு ஏறாதவர்கள் போகும் இடம்’ என்று நினைக்கும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். உண்மையில், இயற்பியல் பாடத்தில் படிக்கும் அளவியலும் வெப்ப விரிவும் மின்பொறியும் அன்றாடம் வேலைக்கு வருவது அங்கேதான். எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் மாணவர்கள், முடிவெடுக்கும் முன் இந்தத் துறையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

முதலில் அளக்க வேண்டும்

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் முனையின் துளை முடியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதில் சில மைக்ரோன் பிசகினாலும் எரிபொருள் சரியாகத் தெளிக்காது. புகையும் செலவும் கூடும்.

அளக்க முடியாத ஒன்றைத் துல்லியமாகச் செய்ய முடியாது. 1848ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ழான் லோரான் பால்மர் காப்புரிமை பெற்ற திருகு அளவிதான், நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மைக்ரோமீட்டரின் முன்னோடி. அதன் சூட்சுமம் எளிது. இன்றைய மைக்ரோமீட்டரில் ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையில் 50 கோடுகள் இருக்கும். அப்படியானால் ஒரு கோடு 0.01 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத நகர்வைத் தெரியும்படி பெரிதாக்கிக் காட்டுகிறது திருகு.

சரி, அந்த மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதை எதை வைத்துச் சோதிப்பது? சுவீடனில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜோஹன்சன் 1896ஆம் ஆண்டு இதற்கு விடை கண்டார். அவர் திட்டமிட்டது 102 எஃகுக் கட்டைகள். அவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்தால் 20,000 அளவுகள் கிடைக்கும். பசை எதுவும் இல்லாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அவற்றின் முகங்கள் வழவழப்பானவை. அந்த மெருகை ஏற்ற, மனைவியின் தையல் இயந்திரத்தையே தேய்க்கும் இயந்திரமாக மாற்றிக்கொண்டார் அவர்.

தொல்லையே கருவியானது

1943ஆம் ஆண்டு, போர்க்காலம். சோவியத் நாட்டில் போரிஸ் லசரென்கோ, நத்தாலியா லசரென்கோ தம்பதியிடம் ஒரு சிக்கல் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மின் இணைப்பு முனைகள் தீப்பொறியால் அரித்துப்போகின்றன. அதைத் தடுக்க வேண்டும். அவர்கள் முனைகளை எண்ணெயில் மூழ்கவைத்துப் பார்த்தார்கள். அரிப்பு நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஒரு சிறு துணுக்கை ஒரே சீராகப் பெயர்த்தெடுப்பதைக் கவனித்தார்கள். உலோகத்தை வெட்ட அதையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்டதிலிருந்து மின்பொறி வெட்டுமுறை பிறந்தது. மின்சாரம் பாயும் உலோகமாக இருந்தால் போதும், எவ்வளவு கடினமானதையும் தொடாமலே வெட்டலாம்.

இந்த முறையில் நுண்துளை போட, துளையைவிட மெல்லிய ஊசி வேண்டும். அதை வெளியே செய்து கொண்டுவந்து பொருத்தினால் மையம் விலகிவிடும். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் மசுசாவா 1985ஆம் ஆண்டு இதற்கு வழி சொன்னார். ஓடிக்கொண்டே இருக்கும் மெல்லிய கம்பியால், ஊசியை அந்த இயந்திரத்திலேயே பொறி வைத்துச் செதுக்கினார். கம்பி நகர்ந்துகொண்டே இருப்பதால் தேய்ந்த பகுதி விலகி, புதிய பகுதி வேலைக்கு வரும். ஊசியையோ கழற்றவே வேண்டாம். செதுக்கிய கையோடு துளையிடலாம். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஊசிகள் இப்படித்தான் சாத்தியமாயின.

ஓசூரில் ஒரு மெல்லிய கடிகாரம்

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் கதை என்று ஒதுக்க வேண்டாம். தமிழ்நாட்டின் ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை இருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984ஆம் ஆண்டு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 2002ஆம் ஆண்டு அது ‘எட்ஜ்’ என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. மொத்தத் தடிமன் 3.5 மி.மீ. உள்ளே இயங்கும் பொறியமைப்பின் தடிமன் 1.15 மி.மீ. மட்டுமே. நம் வங்கி அட்டை இரண்டை அடுக்கினால்கூட அதைவிடத் தடிமனாக இருக்கும். பற்சக்கரங்கள், கம்பிச்சுருள், மின்கலம் எல்லாம் அந்த இடுக்குக்குள் அடங்க வேண்டும், தண்ணீரும் புகக்கூடாது.

கடிகாரம் செய்து பழகிய அந்தத் திறன் அதோடு நிற்கவில்லை. விமானப் பாகங்களையும் தானியங்கி இயந்திரங்களையும் செய்யும் பிரிவும் அதே நிறுவனத்தில் வளர்ந்தது. துல்லியம் கைவந்தால் பொருள் மாறினாலும் வேலை போகாது என்பதே இதில் நம் மாணவர்களுக்கான பாடம்.

நம் வெயிலும் ஒரு சிக்கல்

உலகெங்கும் பாகங்களின் அளவு 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் கணக்கிடப்படுகிறது. செமினியில் மதிய வெயில் 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 100 மி.மீ. நீள எஃகுத் துண்டு ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரோனுக்குச் சற்று அதிகமாக விரியும். 12 டிகிரிக்கு ஏறத்தாழ 14 மைக்ரோன்! அனுமதிக்கப்பட்ட பிழை 5 மைக்ரோன் என்றால், சரியான பாகமும் தவறாகத் தெரியும். அளவுக்கூடத்தில் ஓடும் குளிர்சாதனம் வேலை செய்பவரின் சுகத்துக்காக மட்டும் அல்ல; பாகத்துக்காகவும்தான்.

எங்கே படிக்கலாம்?

வாய்ப்பு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காஜாங்கில் உள்ள ஜிஎம்ஐ, மலேசிய, ஜெர்மனி அரசாங்கங்களின் கூட்டு முயற்சியில் 1991ஆம் ஆண்டு உருவான கல்விக்கழகம். அச்சு, வார்ப்புக் கருவிகள் செய்வதும் சிஎன்சி இயந்திரத் தொழில்நுட்பமும் அங்கே டிப்ளோமா பாடங்கள். ஷா ஆலாமில் அட்டெக் பயிற்சி மையம் உண்டு. பட்டப்படிப்பை நாடுவோருக்குச் செமினியிலேயே நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தில் இயந்திரப் பொறியியல் இருக்கிறது. தகுதி, கட்டணம், கல்விக்கடன் விவரங்களை அந்தந்தக் கழகத்திடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் பெற்றோரையும் உடன் அழைத்துச் சென்று பயிற்சிக்கூடத்தைக் காட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை. அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது, மைக்ரோமீட்டரில் ஒரு தலைமுடியைப் பத்து முறை அளந்து எழுதுங்கள். பத்தும் ஒன்றாக வராது. ஏன் வரவில்லை என்ற கேள்வி உங்களைக் குடைந்தால், இந்தத் துறை உங்களுக்கானதாக இருக்கலாம்.